"கம்பெனியை விற்றுவிட்டார்களாம்!" — புரளியில் ஏறும் பங்கு, தவிக்கும் குடும்பம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலும், சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் இப்போது ஒரு சின்னப் பெட்டி பேசுகிறது.

டீ குடித்தவர் கைபேசியில் பணம் அனுப்புகிறார். "இத்தனை ரூபாய் வந்தது" என்று பெட்டி சொல்கிறது. கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். சில்லறைத் தகராறு இல்லை. கணக்கு நோட்டும் இல்லை.

இப்படிப் பேசும் பெட்டிகளை நாடெங்கும் வைத்திருக்கும் கம்பெனிகளில் ஒன்று பேடிஎம்.

2024-ம் ஆண்டில் நான்கே மாதத்துக்குள் இந்தக் கம்பெனியைப் பற்றி இரண்டு தடவை ஒரே மாதிரியான பேச்சு கிளம்பியது.

"பேடிஎம்மை வேறு கம்பெனி வாங்கப் போகிறதாம்!"

முதல் தடவை, வாங்குபவர் அம்பானி என்றார்கள். இரண்டாம் தடவை, வாங்குபவர் அதானி என்றார்கள். இரண்டு தடவையும் சம்பந்தப்பட்ட கம்பெனிகள் "இல்லை" என்று மறுத்தன. ஆனால், பங்கு மார்க்கெட் அதற்காகக் காத்திருக்கவில்லை!

எப்படிக் கிளம்பியது?

2024 ஜனவரி 31-ந் தேதி ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. "பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி, பிப்ரவரி 29-ந் தேதிக்குப் பிறகு புதிதாகப் பணம் வாங்கக் கூடாது" என்பது உத்தரவு. பிறகு அந்தக் கெடு மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது.

உத்தரவு வந்தது வங்கிக்கு. கைபேசியில் பணம் அனுப்பும் வசதிக்கு அல்ல. அந்த வசதி வேறு வங்கிகளின் துணையோடு தொடர்ந்து நடந்தது. ஆனால், இரண்டுக்கும் பெயர் ஒன்று. பெயர் ஒன்றானால் குழப்பமும் ஒன்றுதானே!

பேடிஎம் பங்கு மளமளவென்று சரிந்தது. பிப்ரவரி 1-ந் தேதி 100-க்கு 20 வீதம் இறங்கியது. மறுநாள் மறுபடியும் 20 வீதம் இறங்கியது.

வீடு தீப்பற்றி எரியும்போது விலை கேட்க ஆள் வருவது உலக வழக்கம். வராவிட்டாலும், வந்ததாகச் சொல்ல ஆள் இருக்கும். பேடிஎம்மின் பணப்பை வியாபாரத்தை அம்பானியின் ஜியோ நிதிக் கம்பெனி வாங்கப் பேசி வருவதாகச் செய்தி பரவியது. பிப்ரவரி 5-ந் தேதி ஒரே நாளில் ஜியோ நிதிக் கம்பெனியின் பங்கு 100-க்கு சுமார் 14 வீதம் ஏறியது.

ஜியோ நிதிக் கம்பெனி பங்கு மார்க்கெட்டுக்கு எழுதிய கடிதத்தில், "இது வெறும் ஊகம். நாங்கள் அப்படி எந்தப் பேச்சும் நடத்தவில்லை" என்ற பொருள்படச் சொல்லிவிட்டது.

அடுத்து, மே 29-ந் தேதி. பேடிஎம்மில் பங்கு வாங்க அதானி பேசுகிறார் என்று ஓர் ஆங்கில நாளேடு எழுதியது. பேடிஎம் மறுத்தது. அதானி தரப்பும், இது முழுப்பொய் என்று மறுத்தது.

மறுத்த அதே நாளில் நடந்தது என்ன? பேடிஎம் பங்கு சுமார் 342 ரூபாயிலிருந்து சுமார் 359 ரூபாய்க்கு ஏறியது. 100-க்கு 5 வீதம். அதற்கு மேல் அன்று ஏற முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்ற வரம்பு அது.

"இல்லை" என்று சொன்ன பிறகும், "இருக்குமோ?" என்ற ஆசை விடவில்லை!

பங்கு ஏன் ஏறுகிறது?

இதைப் புரிந்துகொள்ள மும்பை போக வேண்டாம். கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் போதும்.

அதிகாலையில் படகு வருகிறது. மீன் ஏலம் நடக்கிறது. கூடை இவ்வளவு என்று விலை கூறுகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர், "கேரளாவிலிருந்து பெரிய வியாபாரி வருகிறாராம். வருகிற விலைக்கு மொத்தத்தையும் அள்ளப் போகிறாராம்" என்று காதில் ஓதினால் என்ன ஆகும்?

பெரியவர் வந்தால் விலை ஏறும். அவர் வருவதற்கு முன்பே நாம் வாங்கி வைத்தால், அவருக்கே விற்று லாபம் பார்க்கலாம். இப்படி ஒவ்வொருவரும் நினைப்பார்கள். எல்லோரும் முந்துவார்கள். பெரிய வியாபாரி வராமலே விலை ஏறிவிடும்!

அந்த நேரத்தில் கூடையை விற்றுவிட்டுப் போகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். பெரிய வியாபாரி வராவிட்டால், கடைசியில் கூடையை வாங்கியவர் தலையில்தான் மீன் நாறும்.

பங்கு மார்க்கெட்டும் இப்படித்தான். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி முழுதாக வாங்க விரும்பினால், சாதாரணமாக அன்றைய விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த அதிகத்தை எதிர்பார்த்துத்தான் "வாங்கப் போகிறார்கள்" என்ற ஒரு சொல்லுக்கே பங்கு எகிறுகிறது.

போலிப் பக்கம், போலிக் கடிதம்

பேடிஎம் விஷயத்தில் வெளிவந்தது பத்திரிகைச் செய்தி. அதை யாரும் வேண்டுமென்று கட்டிவிட்டதாக நிரூபணம் இல்லை. ஆனால், வேண்டுமென்றே பொய்யைத் தயாரித்தவர்களும் உலகத்தில் உண்டு.

1999 ஏப்ரலில் அமெரிக்காவில் பேர்கெயின் என்ற டெலிபோன் கருவிக் கம்பெனியை, இஸ்ரேல் கம்பெனி ஒன்று 135 கோடி டாலருக்கு வாங்குகிறது என்று செய்தி வந்தது. புளூம்பெர்க் என்ற பெயர்பெற்ற செய்தி நிறுவனத்தின் பக்கம் போலவே அந்தப் பக்கம் இருந்தது. எழுத்து ஒன்று, அமைப்பு ஒன்று. ஆனால், பக்கம் போலி!

பங்கு 100-க்கு 31 வீதம் ஏறியது. உண்மை தெரிந்ததும் இறங்கியது. போலிப் பக்கத்தைத் தயாரித்தவர் யார்? அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த 25 வயது இளைஞர்! அவருக்கு வீட்டுக்காவலும், சுமார் 93,000 டாலர் நஷ்டஈடும் தண்டனையாகக் கிடைத்தன.

2015 ஜூலையில் டுவிட்டர் கம்பெனியை 3,100 கோடி டாலருக்கு வாங்க ஆள் வந்திருப்பதாக இன்னொரு போலிப் பக்கம் முளைத்தது. அதுவும் அதே செய்தி நிறுவனத்தின் வேஷம்தான். சிறிது நேரம் பங்கு ஏறியது. பிறகு, குட்டு வெளிப்பட்டது.

2016 நவம்பரில் இன்னொரு படி மேலே போனார் ஒருவர். கைக்கடிகாரம் போல் கட்டிக்கொண்டு நடையை எண்ணும் கருவி செய்யும் பிட்பிட் கம்பெனியை வாங்குவதாக, அமெரிக்க அரசாங்கத்தின் பங்கு மார்க்கெட் கண்காணிப்பு ஆணையத்துக்கே போலிப் பத்திரம் அனுப்பினார்! வாங்குவதாகச் சொன்ன கம்பெனியே கிடையாது.

இதனால் அவர் சம்பாதித்தது எவ்வளவு? சுமார் 3,100 டாலர் என்று அந்த ஆணையம் கணக்குச் சொன்னது. சில ஆயிரம் டாலருக்காக ஒரு பெரிய கம்பெனியின் பங்கையே ஆட்டிவிட்டார். 2017-ல் அவர் மீது வழக்கு வந்தது.

கடலூர் கண்ட விற்பனை

அப்படியானால், உண்மையான விற்பனையை எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பெனி வாங்குவது, விற்பது எல்லாம் கடலூருக்குப் புதிது அல்ல.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதற்குச் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. கோட்டையோடு சுற்றுப்புற ஊர்களும் சேர்த்தி. எந்தெந்த ஊர்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு எவ்வளவு தூரத்தில் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தம்!

அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் கடலூர் பக்கம் வழங்குகிறது.

சிதம்பரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1929-ல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு ஏற்றது. அது வாய்ப்பேச்சாக நடக்கவில்லை. சட்டசபையில் அதற்கென்று சட்டம் நிறைவேறியது.

இரண்டிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. கைமாறியது உண்மையானால், அதற்கு அத்தாட்சி இருக்கும். அன்று பத்திரமும் பீரங்கிக் குண்டும். பிறகு சட்டம். இன்று, பங்கு மார்க்கெட்டுக்குக் கம்பெனியே எழுதும் கடிதம்.

பேடிஎம்மிலேயே இதற்கு உதாரணம் உண்டு. அதே 2024-ல், பேடிஎம்மின் சினிமா மற்றும் நிகழ்ச்சி டிக்கெட் வியாபாரத்தைச் சொமாட்டோ வாங்கப் பேசுகிறது என்று செய்தி வந்தது. இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை. ஜூன் 16-ந் தேதி இரண்டு கம்பெனிகளும், "ஆம், பேச்சு நடக்கிறது. இன்னும் முடிவாகவில்லை" என்று தெரிவித்தன. ஆகஸ்ட் 21-ந் தேதி விற்பனை முடிவானது. விலை 2,048 கோடி ரூபாய்.

ஆகவே, காற்றில் வரும் பேச்செல்லாம் பொய் அல்ல. கம்பெனியின் கடிதம் வந்த பேச்சு வேறு, வராத பேச்சு வேறு.

கடிதம் வந்தாலும், பேச்சு பாதியில் முறிவது உண்டு. 2017-ல் ஸ்நாப்டீல் கம்பெனியை பிளிப்கார்ட் வாங்குவதற்குப் பேச்சு நடந்தது உண்மை. மாதக்கணக்கில் நடந்தது. ஜூலை 31-ந் தேதி "பேச்சு முறிந்தது" என்று ஸ்நாப்டீல் அறிவித்துவிட்டது. நிச்சயதார்த்தம் கூட நடக்காத வீட்டில் பந்தல் போட்டவர்கள் நிலை என்ன ஆகியிருக்கும்!

24 மணி நேர விதி

இந்தியாவில் பங்கு மார்க்கெட்டைக் கண்காணிப்பது "செபி". 1988-ல் தோன்றி, 1992-ல் சட்ட அதிகாரம் பெற்ற அமைப்பு இது.

செபி ஒரு புதிய விதி செய்தது. பெரிய கம்பெனி ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் வதந்தி வந்து, அதனால் பங்கு கணிசமாக ஏறினாலோ இறங்கினாலோ, 24 மணி நேரத்துக்குள் அந்தக் கம்பெனி வாய் திறக்க வேண்டும். "உண்மை" என்று சொல்ல வேண்டும். அல்லது "பொய்" என்று சொல்ல வேண்டும். அல்லது விளக்கம் தர வேண்டும்.

முதல் 100 பெரிய கம்பெனிகளுக்கு 2024 ஜூன் 1-ந் தேதி இந்த விதி அமலுக்கு வந்தது. டிசம்பர் 1-ந் தேதி முதல் 250 கம்பெனிகளுக்கு விரிந்தது.

புரளி கிளப்பிப் பங்கு விற்று ஏமாற்றுபவருக்கு அபராதம் உண்டு. 25 கோடி ரூபாய் அல்லது அடித்த லாபத்தைப் போல் 3 மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம்.

ஆனால், இந்த 24 மணி நேர விதியில் ஒரு சந்து இருக்கிறது. பங்கு மார்க்கெட்டில் பெயர் பதிந்த கம்பெனிகளுக்குத்தான் இது பொருந்தும். புதிதாக முளைத்து வளரும் கம்பெனிகள் பலவற்றின் பங்கு மார்க்கெட்டிலேயே இல்லை. "ஸ்டார்ட்அப்" என்று இவற்றைச் சொல்கிறார்கள். இவற்றைப் பற்றி என்ன புரளி வந்தாலும், பதில் சொல்லும்படி இந்த விதி கட்டாயப்படுத்தாது.

பங்கு வாங்காதவர் வீட்டிலும்...

"எங்களிடம் பங்கும் இல்லை, பத்திரமும் இல்லை. எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம்.

சிதம்பரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகன் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, சென்னையில் ஒரு புதுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சம்பளத்தோடு கொஞ்சம் பங்கும் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. அந்தப் பங்கு இப்போதைக்குக் காகிதத்தில்தான். கம்பெனியை யாராவது வாங்கினாலோ, மார்க்கெட்டில் பங்கு வந்தாலோதான் காசாகும்.

இப்படிக் காசானவர்கள் உண்டு. சென்னையில் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ் கம்பெனியின் பங்கு 2021 செப்டம்பரில் அமெரிக்க மார்க்கெட்டுக்கு வந்தது. 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனதாக அதன் தலைவர் சொன்னார்.

அதைக் கேட்ட வீட்டில் ஒரு நாள், "உங்கள் மகன் கம்பெனியை அமெரிக்காக்காரன் வாங்கப் போகிறானாம்" என்று செய்தி வருகிறது. அப்பா வீட்டு மனைக்கு முன்பணம் கொடுக்கிறார். அம்மா மகள் கல்யாணத்தைப் பெரிதாகப் பேசுகிறாள். மீதியை வட்டிக்கு வாங்கிக்கொள்ளலாம், பங்கு காசானதும் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

செய்தி புரளி என்றால்? வட்டி புரளி இல்லையே! அது மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். "வாங்குகிறவன் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறானாம்" என்று பேச்சு வந்தால், நல்ல வேலையை அவசரப்பட்டு விட்டுவிட்டு, வேறு இடம் தேடி அலைகிறவர்கள் உண்டு.

கடைக்காரருக்கு வரும் ஆபத்து இன்னும் நேரடியானது. கம்பெனி கைமாறுகிறது என்ற பேச்சு ஊரில் இருக்கும்போது, ஒரு டெலிபோன் வருகிறது. "உங்கள் கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றுகிறோம். கைபேசிக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்" என்கிறான் ஒருவன். குரலில் மரியாதை. பேச்சில் தேன். எண்ணைச் சொன்னதும் கணக்கில் இருந்த பணம் மாயம்!

புரளி பாதை போடுகிறது. திருடன் அந்தப் பாதையில் நடந்து வருகிறான்.

நான்கு கேள்விகள்

கம்பெனி விற்பனை பற்றி எந்தச் செய்தி வந்தாலும், நான்கு கேள்வி கேட்டால் போதும்.

1. சொன்னது யார்? "நம்பத் தகுந்த வட்டாரம்" என்றால் பெயர் இல்லை என்று பொருள். வாங்குபவரோ விற்பவரோ வெளிப்படையாகச் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும்.

2. கடிதம் உண்டா? மார்க்கெட்டில் உள்ள கம்பெனி என்றால், அது எழுதிய கடிதத்தைப் பங்கு மார்க்கெட்டின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. மார்க்கெட்டில் இல்லாத கம்பெனி என்றால், அதன் சொந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

3. இதனால் லாபம் யாருக்கு? "இப்போதே வாங்கு, நாளைக்கு விலை ஏறிவிடும்" என்று முன்பின் தெரியாதவர் கைபேசியில் அவசரப்படுத்தினால், அவர் விற்கத் துடிக்கிறாரோ என்று சந்தேகப்படுவதில் தவறு இல்லை.

4. என்னிடம் என்ன கேட்கிறார்கள்? எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை வாங்கினாலும், ரகசிய எண்ணை டெலிபோனில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது. கேட்டாலே மோசடி என்று அறியலாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

காத்திருந்தால் நஷ்டமா?

"காத்திருந்தால் லாபம் கை நழுவிப் போகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

2024 மே மாதம் புரளியை நம்பிப் பேடிஎம் பங்கு வாங்கியவர்களுக்கு நஷ்டம் வரவில்லையே என்றும் வாதாடலாம். உண்மைதான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் அந்தப் பங்கு நன்றாக ஏறியது. ஆனால், அதானி வாங்கியதால் அல்ல. அவர் வாங்கவே இல்லை! கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்தவர், அடிபடாமல் அக்கரை சேர்ந்தது போலத்தான் இது. அதைப் பார்த்து மற்றவரும் கண்ணை மூடலாமா?

பெரும் பணக்காரருக்கு 100-க்கு 5 வீதம் போனால் கணக்கில் ஒரு வரி. பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் 5 வீதம் போனால், வீட்டில் ஒரு வாரம் அடுப்பு மூட்ட மனம் வராது.

உண்மையான விற்பனை ஒரு நாள் காத்திருந்தால் ஓடிப்போய்விடாது. நாளைக்கும் அது உண்மையாகவே இருக்கும். ஒரு நாள் தாண்டினால் காணாமல் போவது புரளி மட்டுமே. அந்த ஒரு நாள் பொறுப்பதற்குக் காசு செலவில்லை.